வாத்தியார் நோட்டில் பவுனு

"இன்னைக்கும் வாத்தியார் கேட்டாராடி?"

"ஆமாம்மா. காலையில என்ன சாப்பிட்டோம்னு எல்லாரையும் கேட்டு நோட்டுல எழுதிக்கிறாரு. நீ சொன்ன மாதிரியே, பட்டினின்னு சொல்லிட்டேன்" என்றாள் மகள் பவுனு.

காளியம்மாள் எழுந்து கதவைச் சாத்தினாள். மிராசுதாருக்கு எதிரான கூலிப் போராட்டத்தில் வேலை நின்று ஒரு மாதமாகிறது. தலைமறைவாக இருக்கும் புருஷன் காத்தான்தான் யாருக்கும் தெரியாமல் வந்து அரிசி கொடுத்துவிட்டுப் போகிறான். வீட்டில் சோறு பொங்குவது தெரிந்தால் அவனைப் பிடிக்கப் போலீசு வாசலிலேயே காத்துக் கிடக்கும். இந்த இராஜாங்கம் வாத்தியார் மிராசுதாரின் ஆள்தான், சந்தேகமேயில்லை.

மறுநாள் நேராகப் பள்ளிக்கூடத்துக்கே போய்விட்டாள்.

"யாருக்குய்யா உளவு சொல்றீங்க?"

வாத்தியார் திகைத்துப்போனார்.

"உளவா? பசியோட வர்ற புள்ளைக்குக் கணக்கு ஏறலைன்னு தோணுச்சும்மா. அது நெசமான்னு பார்க்கத்தான் எழுதுறேன். நெசம்னா, காலையில கஞ்சி ஊத்தச் சொல்லி மேல எழுதிக் கேட்கலாம். உங்க பவுனுதான் எல்லாத்தையும் குழப்புறா."

"அவ என்ன செஞ்சா?"

"ஒரு மாசமா பட்டினிங்கிறா. கணக்குல அவதான் முதல்!"

காளியம்மாள் வாசல் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அவ சாப்பிட்டுட்டுத்தான்யா வர்றா."

வாத்தியார் 'பட்டினி'யை அடித்துவிட்டு, 'சோறு' என்று எழுதினார். அரிசி ஏதென்று கேட்கவில்லை.