பாவற்கொட்டை

தேங்காய்த் தும்புக் கட்டி இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஊறிப் பருத்திருந்தது. அவர் கையைவிட்டு அதை உதிர்த்தார்.

வெளியே பனி. கனடாவில், ஸ்காபரோவில், மார்ச் மாதம் இப்படித்தான். விதையை வீட்டுக்குள்தான் முளைக்க வைக்க வேண்டும்.

வருடாவருடம் அது அவருடைய மனைவியின் வேலை. இந்த முறை அவள் கிடந்தபடி சொன்னாள், அவர் கடைக்குப் போய் வாங்கிவந்தார். குழித்தட்டு. அதற்கொரு கண்ணாடி மூடி. அடியில் விரிக்கச் சூடாக்கும் பாய். வெயிலுக்குப் பதிலாக ஒரு விளக்கு.

அவளுடைய கட்டில் யன்னலோரம் கிடந்தது. இனி நோவுக்கு மட்டும்தான் மருந்து என்று ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

"அமத்தாதேங்கோப்பா. வேருக்குக் காத்து வேணும்."

குழிகளில் தும்பை அழுத்திக்கொண்டிருந்த விரலை அவர் தளர்த்தினார்.

தக்காளி போட்டார். மிளகாய் போட்டார். கத்தரியும் போட்டார். அவள் கண்ணை மூடியபடி தலையசைத்தாள்.

கடைசி உறையைத் தூக்கிக் காட்டினார்.

"பாவற்கொட்டை, யோகம்?"

"அதை விடுங்கோ. நீங்கள் சாப்பிடமாட்டியள்."

உண்மைதான். அந்த வீட்டில் பாவற்காய்க் கறி அவளுக்கு மட்டும்தான்.

உறையை மேசையில் வைத்தார். கை கழுவினார். அவளுடைய தலையணையைச் சரிசெய்தார். செய்வதற்கு வேறொன்றும் இருக்கவில்லை.

பிறகு நகவெட்டியோடு வந்து கட்டிலருகே உட்கார்ந்தார். பாவற்கொட்டையின் ஓடு தடித்தது. நுனியை வெட்டிவிட வேண்டும். அவள் செய்யும்போது பார்த்திருக்கிறார்.

முதல் கொட்டை நசுங்கிப் போனது.

இரண்டாவதில் ஓடு மட்டும் தெறித்தது.

அவள் பார்த்துக்கொண்டே கிடந்தாள்.

"அது முளைக்கச் சுணங்குமப்பா. கன நாள் எடுக்கும்."

"தெரியும்."

கொட்டையைக் குழியில் வைத்து மூடினார். விளக்கைப் போட்டார். கறுத்த தும்பின்மேல் வெளிச்சம் விழுந்தது. அவ்வளவுதான்.

கோடையில் பாவற்கொடிக்குப் பின்வளவில் பந்தல் போடுவது அவர்தான். அவளுடைய கைக்கு எட்டும் உயரத்தில் போடுவார். அதன் கீழே அவர் குனிந்துதான் நடக்க வேண்டும்.

"பந்தல் வழமையான உயரம்தானே?" என்று கேட்டார்.

அவள் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்தார்.

"இல்லை," என்றாள். "உங்கட கைக்கு எட்டுற மாதிரிப் போடுங்கோ."