தொடைக்கறி வைத்தியம்

கறிக்கடை ஒச்சப்பனின் மூளைக்குள் ரத்தக்குழாய்கள் சிக்குவிழுந்த நூல்கண்டாகக் கிடப்பதைப் படமெடுத்துக் காட்டிய டாக்டர், "சளிக்காய்ச்சல் கிருமிக்கும் இதுக்கும் தொடர்பு இருக்கலாம்னு சொல்றாங்க, இன்னும் உறுதியாகல. எதுக்கும் காய்ச்சல் அண்டாம பாத்துக்கங்க. பலமாத் தும்மினா வெடிச்சாலும் வெடிச்சிரும்" என்றார்.

உறுதியாகட்டும் என்று ஒச்சப்பன் காத்திருக்கவில்லை. மறுநாளே கடையில் தும்முவதற்கு வாய் பிளந்த தபால்காரர் தங்கமாயனின் மூக்கில், கொக்கியில் தொங்கிய ஆட்டுத்தொடையை உருவி ஓங்கி ஓர் அடி வைத்தான். எலும்பு நொறுங்கியது. தொடைக்குள் இருந்த எலும்பு அல்ல. வந்த தும்மல் வந்த வழியே திரும்பிப் போய்விட்டது. ரத்தத்தைத் துடைத்துவிட்டு அந்தத் தொடையையே அவருக்கு நிறுத்துக் கொடுத்தான். அடித்தால் தும்மல் நின்றுவிடும் என்பது அன்றைக்குத்தான் உலகத்துக்குத் தெரிந்தது. மழைக்காலம் முடிவதற்குள் ஊரில் நேரான மூக்கு என்று இருந்தது ஒச்சப்பனுடையது மட்டும்தான். வேறு கறிக்கடை இல்லாததால் சனங்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடை கொள்ளாத கூட்டத்தில், ஒச்சப்பனின் வெட்டுக்கத்தி பாதியில் நின்றது. உடம்பு அனலாகக் கொதித்தது, மூக்கு குறுகுறுத்தது, வாய் தானாகப் பிளந்தது. தன் மூக்கில் தானே குத்திப் பார்த்தான். வேகம் போதவில்லை. தொடையை உருவி, வரிசையில் முதலாவதாக நின்ற தங்கமாயனிடம் நீட்டினான்.

"அடிங்கண்ணே! கும்புடுறேன், மூக்குலயே அடிங்க!"

தங்கமாயன் தொடையை வாங்கினார். மேலும் கீழும் திருப்பிப் பார்த்தார்.

"ஏப்பா, இது முத்தலா இருக்கே. இளசாப் பாத்து ஒரு கிலோ போடேன்" என்றார்.

பின்னால் நின்ற கோணல் மூக்குக்காரர்கள் ஒருவரும் அவசரப்படுத்தவில்லை.