தொட்டால் குளிக்கணும்

"கிட்ட வராதே! தொட்டா குளிக்கணும்" என்று பின்கட்டு அறையிலிருந்து அதட்டல் வந்தது. காப்பி டம்ளரோடு போன ஸ்வர்ணலதா வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

உள்ளே கோரைப்பாயில் அவள் அம்மா நீலாம்பாள், தனித் தட்டு, தனிச் சொம்பு சகிதம் உட்கார்ந்திருந்தாள். மாதம் தவறாமல் மூன்று நாள் இந்தக் கூத்து. பெற்றவளை வீட்டுக்குள்ளேயே குற்றவாளி மாதிரி ஒதுக்கி வைப்பதைப் பார்த்தால் ஸ்வர்ணாவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"அம்மா, இது எண்பத்திரண்டாம் வருஷமாக்கும். லோகத்துல இப்போ யாரு இப்படி மூலையில உக்காந்துக்கறா?"

"லோகத்துல இல்லேன்னா போட்டும். இந்த ஆத்துல உண்டு. டம்ளரைக் கீழே வெச்சுட்டுப் போ."

ஸ்வர்ணா எர்ணாகுளத்தில் பி.ஏ. படிக்கிறாள். பெண் விடுதலையைப் பற்றி மலையாளத்தில் மேடையேறிப் பேசிக் கோப்பை வாங்கியவள். தான் இப்படி ஒதுங்கி உட்காருவதைப் போன வருஷமே நிறுத்திவிட்டாள், அதற்கு அம்மா வாயே திறக்கவில்லை. தன் விஷயத்தில் மட்டும் இம்மி நகர மாட்டேன் என்கிறாள்.

மற்ற நாட்களில் படகுத்துறையில் முதல் போட் கிளம்பும் முன்பே எழுந்து, வாசல் தெளித்து, தோசைக்கல்லைப் போட்டு, இரவு அடுக்களையைக் கழுவிவிடும் வரை பம்பரமாய்ச் சுற்றுகிறவள் நீலாம்பாள். அப்படி உழைக்கிறவளுக்கா இந்த அவமானம் என்று ஸ்வர்ணா மனம் கொதித்தாள்.

அடுக்களையில் ஏதோ உருண்டு விழுந்தது. அங்கே சமைத்துக்கொண்டிருந்தவர் அப்பா சிவசங்கரன். இந்த மூன்று நாளும் கரண்டி அவர் கையில்தான். வெலிங்டன் தீவில் துறைமுக ஆபீஸில் குமாஸ்தா. அங்கே கப்பல் சரக்கெல்லாம் அவருக்கு அத்துப்படி, இங்கே ரசத்துக்கு எவ்வளவு புளி என்று தெரியாது.

"நீலா! வெங்கலப் பானையை இறக்கணும். பிடிக்கறதுக்குப் பழந்துணி எங்கே?"

"பழந்துணி ஏது? அலமாரியில இருந்ததை எல்லாம் மூட்டையாக் கட்டிப் பாத்திரக்காரனுக்குப் போட்டுத்தானே அந்த எவர்சில்வர் கூஜா வாங்கினேன்? உங்க துண்டால பிடிச்சு இறக்குங்கோ!"

துண்டால் பிடித்து இறக்கியவர், சிவந்த விரலை ஊதிக்கொண்டே பின்கட்டுக்கு வந்தார். மூக்குக் கண்ணாடியெல்லாம் ஆவி.

"இதோ பாரு நீலா, ஸ்வர்ணா சொல்றது ஷரிதான். காலம் மாறிப்போச்சு. எனக்கு ஒரு ஆட்சேபமும் இல்லே. நீ எழுந்து குளிச்சுட்டு அடுக்களைக்கு வந்துடேன்."

கை சுட்ட நிமிஷத்தில் ஒரு சீர்திருத்தவாதி பிறந்துவிட்டார். நீலாம்பாள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"உங்கம்மா இருந்தப்போ, தை மாசக் குளிர்ல நான் தரையில கிடந்தேனே, அப்போ 'உள்ளே வா நீலா'ன்னு சொல்ல உங்களுக்கு நாக்கு வந்துதோ? இப்போ விரல் சுட்டதும் காலம் மாறிடுத்தோ? மதி, போறும்! இந்த மூணு நாளை நான் விட்டுக்குடுக்கறதா இல்லே. அப்பாவுக்கும் பொண்ணுக்கும் சேர்த்துத்தான் சொல்றேன், மனசிலாச்சா?"

சிவசங்கரன் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். ஸ்வர்ணா விடவில்லை. பேசிப் புரியவைக்க முடியாததைச் செய்துதான் காட்ட வேண்டும் என்று முடிவு செய்தவள், விறுவிறுவென்று உள்ளே போய் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தொட்டாச்சு! என்ன ஆச்சு இப்போ? வானம் இடிஞ்சு விழுந்துதா? அடுத்த மாசம் நீ இங்கே உக்காரப்படாது. இந்த அறையைப் பூட்டிச் சாவியைக் காயல்ல எறிஞ்சுடுவேன்."

நீலாம்பாளின் முகம் வெளுத்தது. அவள் பார்வை பாயின் மேல் கவிழ்ந்து கிடந்த வாரப் பத்திரிகை, காயல் காற்று வரும் ஜன்னல், மூலையில் இருந்த தலையணை என்று அந்தச் சின்ன அறையைச் சுற்றி வந்தது. அம்மா இப்படிப் பயந்து ஸ்வர்ணா பார்த்ததே இல்லை. பாவம், இந்த ஆசாரம் அவளை எவ்வளவு ஆட்டிவைத்திருக்கிறது என்று நினைத்ததும் ஸ்வர்ணாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

அடுப்பில் ரசம் பொங்கி வழியும் சத்தம் கேட்டது. "ஐயோ" என்று சிவசங்கரன் ஓடினார்.

அவர் தலை மறைந்ததும் நீலாம்பாள் எட்டி அறைக்கதவைச் சாத்தினாள். பிடித்த கையை உதறுவாள் என்று ஸ்வர்ணா நினைத்தாள். அம்மாவோ அவளை இழுத்துப் பாயில் பக்கத்தில் உட்கார வைத்து, தோளோடு அணைத்துக்கொண்டாள்.

ஜெயித்துவிட்டோம் என்று ஸ்வர்ணா அம்மாவின் முதுகைத் தடவிக்கொடுத்தாள். "பயப்படாதேம்மா. தீட்டாவது ஒண்ணாவது. உன் உடம்புல அப்படி ஒண்ணும் இல்லே, கேட்டியா?"

நீலாம்பாள் அவள் காதருகே குனிந்தாள்.

"அது எனக்குத் தெரியாதாடி, அசடே? நின்னுபோய் ரெண்டு ஓணம் ஆச்சு!"