மூழ்கிய கல்

வகுப்பறை ஜன்னலோரத்துக் கண்ணாடித் தொட்டியில் தண்ணீர் விளிம்புவரை தளும்புகிறது. குட்டித் தவளைகள் ஏறி உட்காரட்டும் என்று வைத்த கல், அடியில் முழுதாக மூழ்கிக் கிடக்கிறது. டீச்சரின் உள்ளங்கையில், வால் இன்னும் முழுக்கச் சுருங்காத ஒன்று அசையாமல் கிடக்கிறது. லீவில் தண்ணீர் வற்றிவிடுமே என்று பாசத்தோடு ஊற்றிவிட்டுப் போன சிறுமி, வகுப்பின் ‘தண்ணி லீடர்’, குவளையும் கையுமாக எதிரே நிற்கிறாள். “தண்ணியிலேயே பொறந்ததுதானே டீச்சர், அது எப்படி மூழ்கும்?” “வால் சுருங்கறப்போ செவுளும் போயிடும், கண்ணு. அப்புறம் நம்மள மாதிரி காத்துக்கு வெளிய வந்தாகணும். நான் முன்னாடியே சொல்லியிருக்கணும்.” என்கிறார் டீச்சர்.

அவள் அழவில்லை. தொட்டித் தண்ணீரை மொண்டு மொண்டு வாளியில் ஊற்றுகிறாள். கல்லின் முதுகு மெல்ல வெளியே தெரிகிறது. வெயில் அதன்மேல் விழுகிறது. மிச்சமிருக்கிற குட்டி தத்தளித்து நீந்திவந்து அதில் தொற்றிக்கொள்கிறது. அதன் தொண்டை படபடவென்று துடிக்கிறது. அவள் குவளையைத் துடைத்து மேசைமேல் கவிழ்த்து வைக்கிறாள். “இனிமே வேற யாராவது ஊத்தட்டும் டீச்சர்.” ஒரு கையில் செத்த தவளையோடு, டீச்சர் மறு கையால் குவளையை நிமிர்த்தி, அவள் கையிலேயே திரும்பக் கொடுக்கிறார்.