குடத்துக்குள் மேல் ஸட்ஜம்

பதினான்கு வருஷமாகப் பாட்டுக் கற்றும் திலகவதிக்கு மேல் ஸட்ஜம், அந்த உச்ச ‘ஸா’, மட்டும் எட்டவே இல்லை. அவள் அதை எட்டப் பார்த்ததில் அக்கம்பக்கத்தார் மூவர் வீட்டை விற்றார்கள். எதிர்வீட்டுக் கிளி மௌன விரதம் எடுத்தது. “பித்தளைக் குடத்து வாயில முகத்தை வச்சுப் பாடுங்கம்மா, உங்க குரல் உங்களுக்கே கேட்கும். ஞாயித்துக்கிழமைக்குள்ள மேல் ஸட்ஜம் வரலைன்னா பாட்டை விட்டுடுங்க” என்று கையெடுத்துக் கும்பிட்டார் வாத்தியார். முதல் நாள் குடம் அவள் பாடிய பிறகு எதிரொலித்தது. வியாழக்கிழமை அவளோடு கூடவே பாடியது. சனிக்கிழமை காலையில் அவள் மூச்சை இழுப்பதற்குள் அவளுடைய குரலிலேயே மேல் ஸட்ஜம் குடத்துக்குள்ளிருந்து எழுந்து, தெருவிலுள்ள ஜன்னல் கண்ணாடிகளையெல்லாம் நடுங்க வைத்தது. “எட்டிட்டியே திலகா!” என்று சமையலறையில் துள்ளினார் கணவர். “போதும், தோசை ஆறுது, வா!” ‘நான் பாடலீங்க’ என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. “இதோ வந்துட்டேங்க” என்றது குடம்.