கூடம் கோணல்

அப்பா கணினியை அணைத்துவிட்டு அதன் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"அலமாரி மேல வச்சிடும்மா. இனிமே எனக்கு எதுக்கு இது?"

மகள் அப்போதுதான் அலுவலகத்திலிருந்து வந்திருந்தாள். அன்று அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

கணினி இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலில் அவள் எழுதிய புது வசதி சென்ற வாரம்தான் வெளியாகியிருந்தது. ஒரு கோப்பு மாறினால், கேட்டு வைத்திருக்கும் புரோகிராமுக்குக் கெர்னல் உடனே தகவல் சொல்லும். வெளியான பிறகுதான் தப்பு தெரிந்தது. ஒவ்வொரு கோப்பையும் அடையாளம் காட்டும் எண்ணுக்கு அவள் ஒதுக்கிய இடம் போதவில்லை. கோப்புகள் பெருகினால் ஒன்றை இன்னொன்றாகச் சொல்லிவிடும்.

புரோகிராம்கள் கெர்னலைக் கேட்கும் முறையையே மாற்ற வேண்டும். ஆனால் கெர்னல் எழுதுகிறவர்களுக்கு ஒரு சட்டம் உண்டு. ஒரேயொரு புரோகிராம் பழைய முறையை நம்பி ஓடினாலும் அதில் கை வைக்கக்கூடாது. காலத்துக்கும் அந்தத் தப்போடு குடும்பம் நடத்த வேண்டியதுதான்.

யாராவது இந்த வசதியைப் பயன்படுத்துகிறீர்களா என்று இணையத்தில் எல்லாக் குழுக்களிலும் கேட்டாள். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

மாற்றினாள். நேற்று திருத்தம் எல்லாக் கணினிகளுக்கும் போய்ச் சேர்ந்தது. இன்று மேலாளர் எல்லோர் முன்னாலும் கைதட்டினார்.

"என்னப்பா ஆச்சு?"

"சின்னதா ஒரு புரோகிராம் எழுதினேன். நேத்து வரைக்கும் ஓடிச்சு, இன்னிக்கு ஓடலை. ஒரு எழுத்துகூட மாத்தலை. எங்க தப்புன்னே பிடிபடலைம்மா." நெற்றியைத் தட்டிக் காட்டினார். "சரக்கு தீர்ந்துபோச்சு."

ஆயுள் முழுக்கப் புரோகிராம் எழுதியே பிழைத்தவர். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பிறகு எழுதிய முதல் புரோகிராம் இது.

அவள் வயரைப் பிரித்துச் சொருகினாள்.

கோப்பு மாறினால் மணியடிக்கும்; அவ்வளவுதான். அவளுடைய வசதியை, அவள் சொல்லியிருந்த பழைய முறையில், ஒரு பிசகில்லாமல் கேட்டிருந்தார். முழுசாக முடித்துவிட்டு அவளுக்குக் காட்டலாம் என்றிருந்தாராம்.

ஊரையெல்லாம் கேட்டவள் வீட்டில் கேட்கவில்லை.

"அப்பா, உங்க மேல தப்பே இல்லை. நான்தான் கெர்னலை மாத்திட்டேன்."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். கூடத்து மேல ஏம்மா பழி?"

அவள் அவருடைய புரோகிராமில் ஒரு வரியைப் புது முறைக்கு மாற்றினாள். மணி அடித்தது.

"பாத்தியா, நீ கை வச்சதும் ஓடுது" என்றார்.

மறுபடி முதலிலிருந்து, மெதுவாக, எல்லாவற்றையும் விளக்கினாள். அவர் பொறுமையாகக் கேட்டார். அவள் தலையைத் தடவிக்கொடுத்துச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு அவளுக்குத் தெரியும். பழையபடி யோசிக்க வருவது சந்தேகம் என்று டாக்டர் சொன்னதை மறைத்து, "உங்களுக்கு ஒண்ணுமே இல்லைப்பா" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலருகே உட்கார்ந்து அவள் சொன்னபோதெல்லாம் அப்படித்தான் சிரித்தார்.