கொள்கைக்காரர்

"அவர் வந்தால் நீங்கள் வாயே திறக்கப்படாது" என்று யோகராணி கணவர் யோகேந்திரனுக்கு மூன்றாவது தடவையாகச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அழைப்பு மணி அடித்தது.

வந்தவர் ஒஸ்மோ. பின்லாந்தில் ஒரு சின்ன நகரசபையின் உறுப்பினர், தீவிர வலதுசாரி. வெளிநாட்டுக்காரர் எல்லாரையும் திருப்பி அனுப்பவேண்டும் என்று கத்தி, இரண்டு தடவை சபையிலிருந்து வெளியேற்றப்பட்டவர்.

அவருடைய மகன் லௌரிக்கும் யோகராணியின் மகள் தாட்சாயினிக்கும் இங்கே சென்ட் லோரன்டில் ஒரே இடத்தில் வேலை. கட்டினால் அவனைத்தான் கட்டுவேன் என்று நிற்கிறாள்.

ஒஸ்மோ சப்பாத்தைக் கழற்றிவிட்டு வந்து சோபாவின் நுனியில் அமர்ந்தார். வடையைத் தொடவில்லை. அவர் ஆங்கிலத்தில் சொன்னதைத் தாட்சாயினி மொழிபெயர்த்தாள்.

"இந்தக் கலியாணம் நடக்கக் கூடாதாம், அப்பா. ஒரு இனம் இன்னொரு இனத்தோடை கலக்கக் கூடாதாம்."

யோகராணி கண்களை இறுக மூடிக்கொண்டாள். யோகேந்திரன் கதிரையை இழுத்துப் போட்டு ஒஸ்மோவுக்கு நேர் முன்னால் அமர்ந்தார்.

"கலந்தால் என்ன நடக்குமாம், கேள் பிள்ளை."

"பாஷை போயிடுமாம். பழக்கவழக்கம் போயிடுமாம். பேரப்பிள்ளையள் தன்னோடை கதைக்காதுகளாம்."

"சரியாத்தான் சொல்லுறார். பக்கத்து ஊரிலை பொம்பிளை எடுப்பினமோ எண்டு கேள்."

கேட்டாள். ஒஸ்மோவின் முகம் சிவந்தது.

"ஆத்துக்கு அங்காலை கட்டின அண்ணனோடை இருபது வருஷமாக் கதையில்லையாம்."

யோகேந்திரன் தொடையில் அடித்தார். "நான் என்ரை தங்கச்சியோடை இருபத்திரண்டு வருஷம்!"

அதன்பிறகு தாட்சாயினிக்கு மூச்சுவிட நேரமில்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகள், கெட்டுப்போன உலகம், குடும்பப் பெயர் என்று ஒருவர் தொடங்கியதை மற்றவர் முடித்தார். ஒஸ்மோ ஒரு வடை எடுத்தார். பிறகு மூன்று எடுத்தார். தன் தேர்தல் சுவரொட்டியைக் கைபேசியில் காட்ட, யோகேந்திரன் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்து, "நல்ல வடிவாயிருக்கு" என்றார்.

அப்பாவாவது தன் பக்கம் நிற்பார் என்று நம்பியிருந்தவள் எழுந்துபோய் அறைக்கதவை அடித்துச் சாத்தினாள். அதற்குப் பிறகும் இருவரும் கைச்சாடையில் தொடர்ந்தார்கள்.

போகும்போது ஒஸ்மோ யோகேந்திரனைக் கட்டிப்பிடித்தார். கார் தெருமுனையில் திரும்பும்வரை யோகேந்திரன் வாசலில் நின்று கை காட்டினார்.

"இப்ப சந்தோஷமோ? பிள்ளையின்ரை வாழ்க்கையை முடிச்சாச்சு" என்று யோகராணி வெடித்தாள்.

"இஞ்சரப்பா, நாளைக்கே கோயில் ஐயரிட்டை நாள் கேளும். இப்பிடி ஒரு சம்பந்தி எங்கடை ஆக்களுக்குள்ளை தேடினாலும் கிடைக்காது!"